வயல் தெரிகிற வீடு வாங்கலாமா? வளரும் விவசாய நகரத்தின் ஏரியாக்கள், ஒரு ரிவ்யூ

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பொறுமை இல்லாதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். வளர்ந்துகொண்டிருக்கும் ஒரு சின்ன விவசாய நகரத்தில் வீடு வாங்குவதென்றால், கடைசியாகப் போட்ட லேஅவுட்டின் கடைசி வரிசையில் மட்டும் வாங்காதீர்கள். ஜன்னலைத் திறந்தால் பச்சைப்பசேல் என்று வயல் தெரிகிறதே, அந்த வரிசை. புரோக்கர் முதலில் அங்கேதான் கூட்டிப்போவார், விலையும் அதற்குத்தான் கூடுதலாகச் சொல்வார். நான் அதற்குக் கொடுப்பது 5-க்கு 2. பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன்னால் போட்ட, மரங்கள் வளர்ந்துவிட்ட, போட்டோ எடுக்க ஒன்றும் இல்லாத நடுப்பகுதித் தெருக்களுக்கு 4. ஏன் இப்படி என்பதுதான் மீதி ரிவ்யூ.

எந்த மாதிரி ஊரைச் சொல்கிறேன் என்பதையும் தெளிவாக்கிவிடுகிறேன். ஐ.நா. புள்ளியியல் ஆணையம் 2020-ல் ஏற்றுக்கொண்ட ஓர் அளவுகோல் இருக்கிறது: சதுர கிலோமீட்டருக்கு 1,500 பேர் என்ற அடர்த்தியில் குறைந்தது 50,000 பேர் ஒட்டி வாழ்ந்தால் அது நகரம். நான் பேசுவது அந்தக் கோட்டை இப்போதுதான் தாண்டிய, அல்லது தாண்டப்போகிற ஊர்களை. சுற்றிலும் விளைநிலம், நடுவில் சந்தை, நாலைந்து அரவை ஆலை, குளிர்பதனக் கிடங்கு, டிராக்டர் ஷோரூம், புதிதாக வந்த கல்லூரியோ ஆஸ்பத்திரியோ ஒன்று. ஊர் வளர்வது விளைச்சல் பணத்தில், பரவுவது அதே விளைநிலத்தின் மேல், வேறு எங்கே போகும். பிரேசிலின் மாட்டோ குரோசோ மாநிலத்தில் சினோப் என்று ஒரு சோயா நகரம் உண்டு. 1974-ல் நிறுவியது, அந்தப் பெயரே அதைப் பிரித்து விற்ற ரியல் எஸ்டேட் கம்பெனியின் சுருக்கப் பெயர்தான். 2022 கணக்கெடுப்பில் அங்கே மக்கள்தொகை 2 லட்சத்தை நெருங்கிவிட்டது. எல்லா ஊரும் அந்த வேகத்தில் ஓடாது, சரி. ஆனால் விளைநிலம் உள்ள ஊரில் மனை விற்பவர் எப்போதும் ஊருக்கு முன்னாலேயே போய் நிற்பார்.

இப்போது அந்தக் கடைசி வரிசைக்கு வருவோம், சொல்ல வேண்டியது அதில்தான் நிறைய இருக்கிறது. அங்கே வீட்டை விடக் காட்சிதான் விற்கப்படுகிறது. காற்று வருகிறது, கண்ணுக்குக் குளிர்ச்சி, எதிரே யாரும் கட்ட முடியாது என்று சொல்வார்கள். அந்த எதிர் வயல் உங்கள் பத்திரத்தில் இல்லை. அது இன்னொருவர் தொழில் செய்கிற இடம். அது வயலாகவே நீடிக்கலாம், அல்லது விற்றுப்போகலாம், மூன்றாவது வழி கிடையாது, இந்த இரண்டில் எது நடந்தாலும் நீங்கள் கூடுதலாகக் கொடுத்த பணத்துக்குப் பலன் குறைவு.

நீடித்தால் என்ன ஆகும்? விவசாயம் நடக்கும். மருந்து அடிப்பார்கள். காற்று அசையாத விடியற்காலையில் அடித்தால் நல்லது என்று வெளியாட்கள் நினைப்பது உண்டு, உண்மையில் தரையோரம் குளிர்ந்த காற்றும் மேலே சூடான காற்றும் அடுக்காக நிற்கும் அந்த நேரத்தில்தான் நுண்துளிகள் கீழே இறங்காமல் மிதந்துகொண்டே பக்கத்து இடத்துக்கு நகரும். சில மருந்துகள் அடித்து முடித்த பிறகும் ஆவியாகிப் போகும். அமெரிக்காவில் 2017-ல் டைகாம்பா என்ற களைக்கொல்லி இப்படிப் பரவி, அதைத் தாங்கும் ரகம் விதைக்காத பக்கத்து நிலங்களில் ஏறக்குறைய 36 லட்சம் ஏக்கர் சோயா பாதிக்கப்பட்டதாக மிசௌரி பல்கலைக்கழகத்தார் கணக்கிட்டார்கள். வயலுக்கு வயல் போவது வீட்டுத் தோட்டத்துக்குப் போகாதா. உங்கள் தக்காளிச் செடி இலை சுருண்டு நின்றால் பூச்சியைத் தேடாதீர்கள், எதிர் வயலில் போன வாரம் என்ன அடித்தார்கள் என்று கேளுங்கள்.

அப்புறம் சத்தம். அறுவடைக் காலத்தில் இயந்திரம் இரவிலும் ஓடும், மழை வருமுன் முடிக்க வேண்டுமே. பக்கத்தில் தானியம் உலர்த்தும் கூடம் இருந்தால் அதன் விசிறிகள் நாள்கணக்கில் நிற்காது, ஒரே சுருதியில் ஓடும், ஜன்னலைச் சாத்தினாலும் சுவர் வழியாகக் கேட்கும். தூசி பற்றிச் சொல்லவே வேண்டாம். துவைத்த துணியை உள்ளே காயப்போடப் பழகிக்கொள்வீர்கள். அறுவடைக்குப் பிறகு வயலில் மிஞ்சும் பயிர்த்தாளை எரிக்கும் வழக்கம் உள்ள பகுதியென்றால் சில வாரங்களுக்கு ஆஸ்துமா உள்ளவர் அந்த வரிசையில் இருக்கவே கூடாது, இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

இதெல்லாம் விவசாயி செய்யும் குற்றம் என்று நான் சொல்லவில்லை. அவர் அங்கே முதலில் இருந்தவர், பல நாடுகளில் சட்டமும் அவர் பக்கம்தான். அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும், ஏற்கெனவே நடக்கும் விவசாயத்தைத் தொல்லை என்று சொல்லிப் புதிதாக வந்தவர் வழக்குப் போடுவதைத் தடுக்கும் சட்டம் ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது. இந்த விஷயத்தில் எல்லோரும் எடுத்துக்காட்டும் வழக்கு அரிசோனாவில் 1972-ல் தீர்ப்பானது. டெல் வெப் நிறுவனம் சன் சிட்டி என்ற குடியிருப்பைக் கட்டிக்கொண்டே போய், ஸ்பர் என்ற மாட்டுக் கொட்டில் நிறுவனத்தின் பக்கத்துக்கே போய்விட்டது. ஈயும் நாற்றமும் தாங்காமல் வீடு விற்க முடியவில்லை, வழக்குப் போட்டார்கள். மாட்டுக் கொட்டில் இடம் மாற வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது, ஆனால் மாறும் செலவை வீடு கட்டி விற்றவர்தான் ஈடுசெய்ய வேண்டும் என்றும் சொன்னது, ஏனென்றால் தொல்லை இருக்கும் இடத்தைத் தேடிப் போனவர் அவர். கவனியுங்கள், அங்கே ஜெயித்தது ஒரு பெரிய கம்பெனி, பின்னால் ஆயிரக்கணக்கான வீடுகள். கடைசி வரிசையில் ஒரே ஒரு வீடு வைத்திருக்கும் உங்களுக்காக யாரும் எந்த மாட்டையும் நகர்த்தப்போவதில்லை.

சரி, எதிர் வயல் விற்றுப்போனால்? அடுத்த லேஅவுட் வரும். சில வருடங்களுக்கு லாரி, மண், ஜல்லி, கான்கிரீட் கலவை இயந்திரம். உங்கள் முட்டுச்சந்து அடுத்த லேஅவுட்டுக்குப் போகும் வழியாக மாறும், அதுவரை தெருவில் விளையாடிய குழந்தைகள் உள்ளே போவார்கள். நீங்கள் பார்த்து வாங்கிய பச்சை, அந்தப் புது லேஅவுட்டின் கடைசி வரிசைக்காரரிடம் மறுபடி விற்கப்படும். இதைத் தடுக்கும் ஊர்கள் இல்லாமல் இல்லை. அமெரிக்காவின் ஒரிகான் மாநிலம் 1973-ல் கொண்டுவந்த சட்டப்படி ஒவ்வொரு நகரமும் தன்னைச் சுற்றி ஒரு வளர்ச்சி எல்லை வரைய வேண்டும், அதற்கு வெளியே விளைநிலம் விளைநிலம்தான். அந்த மாதிரிக் கோடு இருக்கிற ஊரில், கோட்டை ஒட்டிய வீட்டுக்கு நான் அரை மதிப்பெண் கூட்டுவேன், காட்சியாவது நிலைக்கும். ஆனால் அந்தக் கோடும் கல்லில் செதுக்கியது கிடையாது, ஊர் நிரம்பினால் தள்ளிப் போடுவார்கள். அதனால் நகராட்சி அலுவலகத்தில் நிலப் பயன்பாட்டு வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், எதிர் வயலுக்கு என்ன நிறம் பூசியிருக்கிறார்கள் என்று. புரோக்கர் வாயை விட அந்த நிறம் நம்பகமானது.

இனி தரைக்குக் கீழே. இது கடைசி வரிசைக்கு மட்டும் இல்லை, வயலை மூடிப் போட்ட எந்த லேஅவுட்டுக்கும் பொருந்தும். நல்ல விளைச்சல் மண்ணும் நல்ல அஸ்திவார மண்ணும் பெரும்பாலும் ஒத்துப்போவதில்லை. கரிசல் மாதிரியான களிமண் ஈரத்தில் உப்பும், வெயிலில் சுருங்கி வெடிக்கும், மேலே இருக்கும் வீட்டையும் கூடவே தூக்கி இறக்கும். கதவு ஒரு பருவத்தில் இழுத்தால் வருகிறது, இன்னொரு பருவத்தில் சிக்குகிறது என்றால் தச்சரைத் திட்டாதீர்கள். 1973-ல் அமெரிக்கப் பொறியாளர்கள் இருவர் கணக்குப் போட்டு, உப்பும் மண்ணால் அந்த நாட்டில் ஆகும் சேதம் வெள்ளம், புயல், நிலநடுக்கம் எல்லாம் சேர்ந்து செய்வதை விட அதிகம் என்று எழுதினார்கள். தீர்வு தெரியாத விஷயமும் இல்லை. ரூர்க்கியில் இருக்கும் மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 1950-களிலேயே இதற்காக அடியில் குமிழ் போல அகன்ற பைல், அதாவது தரைக்குள் ஆழமாக இறக்கும் கான்கிரீட் தூண் முறையை உருவாக்கிவிட்டது, ஈரம் ஏறி இறங்காத ஆழத்துக்குப் போய்ப் பிடித்துக்கொள்ளும். பில்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: மண் பரிசோதனை அறிக்கை எங்கே? பக்கத்து வீட்டுக்கு எடுத்தது இருக்கிறது என்று சொன்னால் அது பதில் ஆகாது.

நெல் விளைந்த நிலத்தில் இன்னொரு சிக்கல். தண்ணீர் கீழே இறங்கக் கூடாது என்று வருடக்கணக்காகச் சேறு குழைத்துக் குழைத்து அடியில் ஒரு கெட்டி அடுக்கு உருவாகியிருக்கும். பயிருக்கு அது வரம். வீடு கட்டிய பிறகு மழைத் தண்ணீர் அதே அடுக்கின் மேல் நிற்கும், செப்டிக் டேங்கின் கழிவு நீரும் போக இடம் இல்லாமல் மேலே வரும். மேலே மண் கொட்டி உயர்த்திவிட்டோம் என்பார்கள். அடுக்கடுக்காகக் கொட்டி, ஒவ்வோர் அடுக்கையும் ரோலர் விட்டு இறுக்கினார்களா, அல்லது லாரியில் கொண்டுவந்து தட்டிவிட்டுச் சமப்படுத்தினார்களா என்பதில்தான் உங்கள் தரை டைல்ஸின் ஆயுள் இருக்கிறது. அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதி நிலங்களில் இதற்கு நேர்மாறான கதை: அங்கே ஈர நிலத்தை விளைநிலமாக்கச் சுட்ட களிமண் குழாய்களைப் புதைத்து நீரை வடித்தார்கள், வரைபடம்கூட இல்லாமல் பல இடத்தில் அவை கீழே கிடக்கின்றன, வீடு கட்டத் தோண்டும்போது ஒன்றை வெட்டிவிட்டால் மேட்டு வயலின் தண்ணீர் முழுக்க உங்கள் வீட்டடியில் வந்து சேரும். வாய்க்கால், மதகு, வடிகால் எதுவாக இருந்தாலும் சரி, விவசாயி போட்ட நீர்வழியை மூடிவிட்டுக் கட்டிய லேஅவுட் என்றால் நான் உள்ளே போகாமலே திரும்பிவிடுவேன்.

பழத்தோட்டமாக இருந்த இடம் என்றால் மண்ணையே சோதிக்க வேண்டும். 1890-களிலிருந்து 1940-களின் கடைசி வரை ஆப்பிள் தோட்டங்களில் அந்துப் பூச்சிக்கு அடித்தது லெட் ஆர்சனேட். பெயரிலேயே ஈயமும் ஆர்சனிக்கும் இருக்கிறது. அந்த இரண்டும் கரைந்து போகாமல், மக்காமல், மேல் மண்ணிலேயே தங்கிவிடும். வாஷிங்டன் மாநிலத்தில் யாக்கிமா, வெனாட்ச்சி பள்ளத்தாக்குகளில் அந்தப் பழைய தோட்டங்களின் மேல் இன்று வீடுகளும் பள்ளிகளும் இருக்கின்றன, மாநிலச் சுற்றுச்சூழல் துறை வீட்டு மனைகளின் மண்ணை எடுத்துச் சோதித்துக்கொண்டிருக்கிறது. பயந்து ஓட வேண்டியதில்லை, மேல் மண்ணை மாற்றினாலோ மூடினாலோ ஆபத்து பெருமளவு குறையும். ஆனால் தரையில் விளையாடும் கைக்குழந்தை இருக்கும் வீட்டில் இதைத் தெரிந்துகொள்ளாமல் குடி போகக் கூடாது.

தண்ணீருக்கு வருகிறேன். விளைநிலத்தின் நடுவே போர்வெல் தண்ணீர் என்றால் முதலில் பார்க்க வேண்டியது நைட்ரேட். உரமும் சாணமும் மண்ணுக்குள் இறங்கிக் கிணற்றில் சேரும் பொருள் அது. நிறம் இல்லை, மணம் இல்லை, ருசியும் காட்டாது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு லிட்டருக்கு 50 மில்லிகிராம். அதை மீறிய தண்ணீரில் பால் கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தையின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் உடம்பு நீலம் பாயலாம். காய்ச்சிக் குடித்தால் போதும் என்று நினைக்காதீர்கள், காய்ச்சினால் தண்ணீர்தான் ஆவியாகும், நைட்ரேட் இன்னும் செறிவாகும். ஆர்ஓ வடிகட்டி எடுத்துவிடும். சாதாரண கரி வடிகட்டியால் பலன் இல்லை. சோதனைக்கு மழை ஓய்ந்த பிறகு ஒரு தடவையும் கோடையில் ஒரு தடவையும் கொடுங்கள், ஒரே எண் வராது.

தண்ணீர் இருக்கிறதா என்பது அடுத்தது. நகராட்சிக் குழாய் எது வரை வருகிறது என்று கேளுங்கள், விளம்பரத்தில் எழுதியதைப் பார்க்காமல் நேரில் போய்ப் பாருங்கள். கலிபோர்னியாவின் கிழக்கு போர்ட்டர்வில் இதற்குச் சரியான பாடம். போர்ட்டர்வில் நகர எல்லைக்குச் சற்று வெளியே, வீட்டுக்கு வீடு ஆழமில்லாத கிணறு வைத்திருந்த பகுதி. 2014 வறட்சியில் அங்கே நூற்றுக்கணக்கான வீடுகளின் கிணறு வற்றியது, தெருவில் டேங்க் வைத்தும் பாட்டில் தண்ணீர் கொடுத்தும் சமாளித்தார்கள், பிறகு சில வருடங்கள் கழித்துத்தான் பெரும்பாலான வீடுகள் நகரக் குழாயோடு இணைக்கப்பட்டன. சுற்றியிருந்த தோட்டங்கள் ஆழமான போர்வெல்லில் உறிஞ்சின, வீட்டுக் கிணற்றால் அந்தப் போட்டியில் நிற்க முடியவில்லை. போர்ட்டர்வில் இருக்கும் அதே சான் வாக்கின் பள்ளத்தாக்கில், மெண்டோட்டா என்ற ஊருக்குப் பக்கத்தில், நிலத்தடி நீரை இறைத்து இறைத்து 1925-க்கும் 1977-க்கும் இடையில் தரையே ஏறக்குறைய 28 அடி இறங்கியது. எல்லைக்கு உள்ளே இருக்கும் சுமாரான வீடா, வெளியே இருக்கும் அழகான வீடா என்று யாராவது கேட்டால் நான் யோசிக்காமல் உள்ளே என்பேன்.

மற்ற ஏரியாக்களைச் சீக்கிரம் பார்த்துவிடலாம்.

மண்டி, ரயில் தண்டவாளம், அரவை ஆலைகள் இருக்கும் பக்கம்: வாடகை குறைவு, வேலைக்கு நடந்து போகலாம், எல்லாக் கடையும் விடியற்காலையிலேயே திறந்திருக்கும். ஊரின் உயிர் அங்கேதான் இருக்கிறது, அதனால் எனக்குப் பிடிக்கும். ஆனால் பக்கத்தில் உரக் கிடங்கு இருக்கிறதா என்று பார்க்காமல் போகக் கூடாது. டெக்சாஸில் வெஸ்ட் என்ற சின்ன விவசாய ஊர். அங்கே உரக் கிடங்கு 1960-களில் வந்தபோது சுற்றிலும் பெரும்பாலும் வெட்டவெளி. ஊர் மெல்ல அதை நோக்கி வளர்ந்தது, முதியோர் இல்லம், பள்ளி, அடுக்குமாடி எல்லாம் பக்கத்திலேயே வந்துவிட்டன. 2013 ஏப்ரல் 17 மாலை கிடங்கில் தீப்பிடித்து அம்மோனியம் நைட்ரேட் வெடித்தது. 15 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் தீயணைக்கப் போனவர்கள். 150-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் சேதம். ஆலையின் வாசலில் என்ன பெயர்ப்பலகை இருக்கிறது என்பதை விட உள்ளே எதைக் குவித்து வைத்திருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி, அதைத் தீயணைப்பு நிலையத்தில் கேட்டால் பெரும்பாலும் சொல்வார்கள். கிடங்கு இல்லாத மண்டிப் பக்கத்துக்கு 3. கிடங்கு கண்ணில் பட்டால் மதிப்பெண்ணே கிடையாது.

பழைய நகர மையம். கனமான சுவர், உயரமான கூரை, அகலமான வாசல், வீட்டுக்கு வீடு பேசத் திண்ணையோ படிக்கட்டோ. வெயிலுக்கு இந்த வீடுகள் புதியவற்றை விட எவ்வளவோ மேல். மின் வயரிங், குழாய், கூரைக் கட்டை, இந்த மூன்றையும் மாற்றக் காசு வைத்துக்கொண்டு வாங்க வேண்டும். வண்டி நிறுத்த இடம் இருக்காது, சந்தை நாளில் உங்கள் வாசலில் யாராவது சரக்கு இறக்குவார்கள். வாரிசுகள் பல பேர் இருக்கும் சொத்து என்றால் வக்கீல் இல்லாமல் முன்பணம் கொடுக்காதீர்கள், ஒருவர் கையெழுத்து எங்கோ தொங்கும். 3.5.

நெடுஞ்சாலை ஓரத்து அடுக்குமாடி: சின்ன நகரத்தில் எதற்கு என்று எனக்கு இன்னும் புரியவில்லை. லிஃப்ட் நின்றால் சரிசெய்ய ஆள் பெரிய நகரத்திலிருந்து வர வேண்டும். கல்லூரியில் வேலை பார்ப்பவர்கள் வாடகைக்கு எடுக்கிறார்கள், அவர்களுக்குச் சரி. 2.5.

ஊருக்கு வெளியே தோட்ட வீடு என்பது தனி விஷயம், அது ஒரு வாழ்க்கை முறை, வீடு மட்டும் இல்லை. செப்டிக், கிணறு, பாதை, பாம்பு, மின்தடை எல்லாவற்றுக்கும் நீங்கள்தான் பொறுப்பு. பொதுப்பாதையிலிருந்து உங்கள் வாசல் வரை வரும் வழி யாருடைய நிலத்தில் போகிறது, அந்த வழியுரிமை பத்திரத்தில் எழுதியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள். இப்போதைய உரிமையாளர் நல்லவர் என்பது போதாது, அவர் நிலத்தை விற்றால் வாங்குபவர் எப்படிப்பட்டவரோ. விவசாயமும் செய்யப்போகிறவர்களுக்கு இது நல்ல தேர்வு. வார இறுதிக்கு அமைதி தேடுபவர்களுக்கு முதல் அறுவடையிலேயே அந்த ஆசை தெளிந்துவிடும்.

இப்போது நான் 4 கொடுத்த நடுப்பகுதி. முந்தைய தலைமுறை லேஅவுட்கள். அழகு இல்லை என்று சொன்னேன், வீடுகள் ஒன்று பெட்டி மாதிரி, இன்னொன்று நாலு விதமான டைல்ஸ் ஒட்டியது, தெருப் பெயர்களும் வெறும் எண்கள். ஆனால் தெரிய வேண்டியதெல்லாம் அங்கே ஏற்கெனவே தெரிந்துவிட்டது. மண் இறங்க வேண்டிய அளவு இறங்கிவிட்டது, வெடிக்க வேண்டிய சுவர் வெடித்து அதன் வடுவைப் பூசி மறைத்திருந்தாலும் கையால் தடவினால் அகப்படும். பெருமழையில் எந்தத் தெரு மூழ்கும் என்பது பால்காரருக்குத் தெரியும். குழாய் வந்தாயிற்று, தெருவிளக்கு வந்தாயிற்று, பஸ் திரும்பும் இடம் முடிவாயிற்று, காலி மனையில் என்ன வரும் என்ற சந்தேகமும் பெரும்பாலும் தீர்ந்தாயிற்று. சுற்றிலும் வீடுகள் நிறைந்துவிட்டதால் மருந்தும் தூசியும் நேராக வந்து மோதாது. மரங்கள் நிழல் தருகிற வயதில் நிற்கின்றன, நீங்கள் நட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு மதிப்பெண் ஏன் குறைத்தேன் என்றால் வடிகால். அந்தக் காலத்தில் அந்தத் தெருக்கள் ஊரின் கடைசி, தண்ணீர் பக்கத்து வயலுக்கு ஓடிவிடும் என்று கணக்குப் போட்டுக் கட்டினார்கள். இப்போது அந்த வயலில் புது லேஅவுட், அதுவும் உயரமாக மண் கொட்டியது. பழையவர்கள் திடீரென்று பள்ளத்தில் இருக்கிறார்கள். அதனால் நடுப்பகுதியில் வாங்கினாலும் புது லேஅவுட்டை ஒட்டிய தெருவைத் தவிர்த்து இரண்டு தெரு உள்ளே போய்விடுங்கள்.

முதலீடு என்று சொல்லி வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த ஊர்களின் வீட்டு விலை விளைச்சல் விலையோடு கட்டப்பட்டிருக்கிறது. அமெரிக்காவின் அயோவாவில் விளைநிலத்தின் விலை 1981-லிருந்து 1986-க்குள் ஏறக்குறைய 63 சதவீதம் விழுந்தது. வட்டி ஏறியது, தானிய விலை இறங்கியது, கடன் வாங்கி நிலம் வாங்கியவர்கள் சிக்கினார்கள், கூடவே ஊர்க் கடைகளும் வங்கிகளும் மூடின, ஆள் போன ஊரில் வீடு யார் வாங்குவார். ஒரே பயிரை நம்பிய ஊரில் இந்த ஆபத்து அதிகம். கல்லூரி, ஆஸ்பத்திரி, அரசு அலுவலகம் என்று மாதச் சம்பளம் வாங்குபவர்கள் கணிசமாக இருக்கும் ஊர் கொஞ்சம் தாங்கும். வாடகைக்கு விடுவதென்றால் அறுவடைக் காலத்தில் வேலைக்கு வரும் ஆட்களால் வாடகை ஏறுவதையும், மற்ற மாதங்களில் வீடு காலியாகக் கிடப்பதையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள். புரோக்கர் ஏறுகிற மாத வாடகையைப் பன்னிரண்டால் பெருக்கிக் காட்டுவார்.

எப்போது போய்ப் பார்ப்பது என்பதிலும் பாதி விஷயம் அடங்கியிருக்கிறது. நடவு முடிந்து பச்சை கட்டிய காலத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் எந்த ஏரியாவும் அழகாகத்தான் இருக்கும், அதனால்தான் அப்போது கூப்பிடுகிறார்கள். நீங்கள் அறுவடை நடக்கும்போது இரவு பத்து மணிக்குப் போங்கள். பெருமழை பெய்த மறுநாள் போங்கள், மதில் சுவரில் ஈரக் கோடு எந்த உயரத்தில் நிற்கிறது என்று பாருங்கள். காற்று எந்தப் பக்கமிருந்து அதிகம் வீசுகிறது என்று தெரிந்துகொண்டு, அந்தப் பக்கம் ஆலையோ மாட்டுப் பண்ணையோ கழிவு நீர்க் குளமோ இருக்கிறதா என்று ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். ஆலையைத் தாண்டிக் காற்று போகும் பக்கம் இருக்கும் வீட்டை அரைக் கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் நாற்றம் எட்டும், காற்று வரும் பக்கம் இருக்கும் வீட்டை மதில் ஒட்டி இருந்தாலும் எட்டாமல் போகலாம்.

விசாரிக்கும்போது சொந்த வீட்டுக்காரர்களை மட்டும் கேட்காதீர்கள். தெருவைப் பற்றிக் குறை சொன்னால் தன் வீட்டு விலை இறங்கும் என்று அவர்களுக்குத் தெரியும், வெள்ளம் வந்ததே இல்லை என்று சாதிப்பார்கள். அதே தெருவில் வாடகைக்கு இருப்பவரைக் கேளுங்கள், முக்கியமாக அடுத்த மாதம் காலி செய்யப்போகிறவரை.